மூன்றாம் படி

ஏணி என்ரை.
மற்றதெல்லாம் அவையின்ரை.

மாதா பெருநாளுக்குக் கோபுரத்தில் லைற் கட்ட
இந்த ஏணியைத்தான் கேட்பினம்.
மீலாத்துக்குத் தெருவுக்குக் குறுக்கே கொடி இழுக்கவும் இதுதான்.
அங்காலை வைரவர் மடைக்கு ஒருக்கா
வாடகை தராமல் விட்டவை.
அதை நான் மறக்கேல்லை.

நாவாந்துறைச் சங்கக்கடைப் பின்மதிலில்
படம் கீறப்போறம் எண்டு எமில்டா வந்து நிண்டாள்.
ஏணி தாறன், பிடிக்கவும் நான்தான் வருவன் எண்டன்.
மூன்றாம் படி கொஞ்சம் ஆடும்.

பதினொரு நாள்.
ஏணி பிடிக்கிறவனுக்குப் படம் தெரியாது,
குதிக்கால் தெரியும்.
எமில்டாவின்ரை குதியில் மஞ்சள் பெயின்ற்.
றிஸ்னாவின்ரை குதியில் புதுச்செருப்பு வெட்டின காயம்.
என்ரை தலையில் எல்லா நிறமும்.

முதல் நாளே கடலில் சண்டை.
ரின்னைத் திறக்க, நண்டுவலையோடை போன பஸ்தியான்
வலையை இறக்கி வைச்சிட்டுக் கேட்டார்:
உது எந்த ஊர்க் கடல், பிள்ளை?
எங்கடை கடல் சோளகத்துக்குப் பச்சை,
வாடைக்குச் சாம்பல்,
சாதாழை ஒதுங்கினால் கறுப்பு.
கலண்டர்க் கடலை இங்கை பூசாதேங்கோ.
வாளியில் மத்தியானம் மட்டும் கலக்கினம்.
நீலத்துக்குள் கொஞ்சம் சேறு,
நியாஸ் கடைத் தேத்தண்ணிச் சாயம் ஒரு கோப்பை.
கடைசியாய் வந்த நிறத்துக்குப் பேர் இல்லை.
பஸ்தியான் விரலைத் தோய்ச்சுப் பார்த்தார்.
உப்பு மட்டும்தான் குறையுது.

பிறகு கண்டல் வேர் வந்தது. ரெண்டு பூநாரை வந்தது.
ஓட்டோ யூட் தன்ரை இலக்கத்தகட்டோடை
ஓட்டோ ஒண்டு வேணுமெண்டு நிண்டான்.
கீறிக் குடுத்தது பிழையாய்ப் போச்சு.
இப்ப கடற்கரையில் நாலு ஓட்டோ
சவாரிக்கு நிக்குது, பூநாரைக்குப் பக்கத்தில்.

பூநாரையின் வயித்தடியில் ஒரு பள்ளம்.
அதைச் சுத்தி இன்னும் ஏழு.
சீமெந்து வைச்சு அடைப்பமோ எண்டு கேட்டாள் றிஸ்னா.
புத்தளத்தில் பிறந்து
இருபது வயதில் இந்தத் தெருவுக்குத் 'திரும்பி' வந்தவள்.
ஒருநாளும் இருந்திராத இடத்துக்கு
எப்பிடித் திரும்பிறது எண்டு
அவள் எங்களைக் கேட்டதில்லை.
பூவாக்கிவிடு, ஒவ்வொரு பள்ளமும் ஒரு பூ
எண்டான் ஒரு பெடியன்.
எமில்டா மாட்டன் எண்டிட்டாள்.

படம் கீறுறது எண்டுதான் நாங்கள் சொல்லுவம்.
முள்ளும் கீறும். தகரமும் கீறும்.
இந்த மதிலில் முதல் கீறினது நாங்கள் இல்லை.
முதல் கீறினவை
பேர் எழுதாமல் போட்டினம்.
எட்டுப் பள்ளத்தையும்
பூசேல்லை. பூவாக்கேல்லை.
நிறம் விளிம்பு மட்டும் போய் நிண்டது.

கடைசி நாள், விடியப் பொழுது,
மாநகரசபைக் கைவண்டியோடை கமலவேணி.
இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு மட்டும்
ஆறுதலாய் நடந்து பார்த்தாள்.
எல்லாம் இருக்கு. குப்பை எங்கை?
நாங்கள் சிரிச்சம். அவள் சிரிக்கேல்லை.
இவ்வளவு துப்புரவான தெருவெண்டால்
நான் நாலரைக்கு எழும்பி என்னத்தைக் கூட்டிறன்?

உங்களைக் கீறட்டோ அக்கா?
என்னை வேண்டாம். ஆரும் வெத்திலை துப்புவாங்கள்,
பிறகு அதையும் நான்தான் கழுவோணும்.
வண்டியைக் கீறு.
இடப்பக்கச் சில்லு கோணல். நேராக்கிப்போடாதை.

வலது மூலையில், முழங்கால் உயரத்தில்,
ஏணி தேவைப்படாத இடத்தில்
ஒரு வண்டி. கோணல் சில்லு.
உள்ளுக்கு மீன்செதிள், சோடாப் போத்தல், கிழிஞ்ச வலைத்துண்டு.
குந்தியிருந்து முழுக்கப் பார்த்தன்.
பதினொரு நாளில் நான் கீறக்கீறப் பார்த்தது
அது ஒண்டுதான்.

போன கிழமை வைரவர் கோயில்காரர் வந்தினம்.
மூன்றாம் படியைத் தடவிப் பார்த்து
இதென்ன ஊத்தை எண்டினம்.
கடல் எண்டன்.
வாடகையை முதல் வையுங்கோ எண்டன்.